சிறைக் கைதிகளின் படங்கள்: தொடக்க காலத்தில் இவை உண்மையில் பயன்பட்டனவா?

இளவழகன்:
டாகுரோடைப் என்னும் தொடக்ககால நிழற்பட முறை 1839-இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1843, 1844 வாக்கில், பிரஸ்ஸல்ஸ் சிறையில் கைதிகளைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் முகத்தை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்து அட்டையில் ஒட்டும் வழக்கம் 1880-களில், பாரிஸ் காவல்துறையின் அல்போன்ஸ் பெர்த்தியோன் காலத்தில்தான் நிலைபெற்றது. இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்ததற்குக் காரணம் கருவியின் குறையா, சட்டம் இடம் தராததா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தேன்மொழி:
முதல் பத்தாண்டுகளைப் பொறுத்தவரை கருவியின் குறை என்றே சொல்லலாம். டாகுரோடைப் என்பது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் ஒற்றைப் படம். அதிலிருந்து படிகள் எடுக்க வழியில்லை. ஒரு சிறையில் எடுத்த படம் அடுத்த ஊர்ச் சிறைக்குப் போய்ச் சேராவிட்டால் அதனால் காவலர்களுக்குப் பெரிய பயன் ஏதுமில்லை. எதிர்ப்படிவிலிருந்து (நெகட்டிவ்) தாளில் பல படிகள் எடுக்கும் முறைகள் பரவிய பிறகு நிலைமை மாறியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கார்ல் துர்ஹைம் 1852, 1853 ஆண்டுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் படம் எடுத்தார். அவை கல்லச்சில் பெருக்கப்பட்டுக் காவல்துறையினருக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் கொள்ளைக்காரர்களோ கொலைகாரர்களோ அல்லர், எந்த ஊரிலும் குடியுரிமை இல்லாமல் நாடோடிகளாகத் திரிந்தவர்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிறைத் தலைவர் ஜேம்ஸ் கார்ட்னரும் தம் கைதிகளைப் படம் எடுத்து மற்றச் சிறைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். ரயில் வந்த பிறகு தேர்ந்த திருடர்கள் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருக்கிறார்கள், புதிய ஊரில் அவர்களை அறிந்தவர் எவரும் இல்லை என்பது அவர் முன்வைத்த வாதம்.

கதிரவன்:
தேன்மொழி அவர்கள் கூறியது சரியே. ஆயினும் படிகள் எடுக்க முடிந்த பிறகும் முப்பது ஆண்டுகள் போயின என்பதால், விடையை வேறிடத்தில் தேட வேண்டும் என்று கருதுகிறேன்.

மீண்டும் குற்றம் செய்பவனை அறிவது அன்றைய அரசுகளுக்கு மிகவும் தேவைப்பட்டது. பிரான்ஸ் 1832-இல் குற்றவாளியின் உடலில் சூடு போடும் தண்டனையை ஒழித்துவிட்டதால், பழைய குற்றவாளியைக் காட்டித்தரும் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றுவதை 1868-இல் முற்றிலும் நிறுத்தியது. தண்டனை முடிந்தவர்கள் உள்நாட்டிலேயே விடுதலையானார்கள். அதனால்தான் 1869, 1871 ஆண்டுச் சட்டங்கள் பதிவேட்டையும் பின்னர்ப் படத்தையும் கட்டாயமாக்கின. ஓராண்டு கடந்ததும் லண்டன் அலுவலகத்தில் 40,000-க்கும் மேற்பட்ட படங்கள் குவிந்திருந்தன. அவற்றைக் கொண்டு பிடிபட்டவர்களோ மிகச் சிலர்.

ஏன் என்றால், படங்கள் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன; பிடிபட்டவன் முதலில் மாற்றுவதே பெயரைத்தான். பாரிசில் பத்தாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன, நாள்தோறும் கைதாகும் நூறு பேரை அவை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நடக்கக்கூடியதா என்று பெர்த்தியோனே கேட்டிருக்கிறார். 1879-இல் எழுத்தராகச் சேர்ந்த அவர் கண்ட வழி, படத்தைத் தேடாமல் உடலை அளப்பது. தலையின் நீளம், தலையின் அகலம், இடது நடுவிரல் என அளந்து, ஒவ்வொன்றையும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்தால், மூன்று அளவுகளிலேயே அட்டைகள் 27 தொகுதிகளாகிவிடும். மொத்தம் 11 அளவுகள் எடுத்ததால், கடைசியில் எழுத்தர் புரட்ட வேண்டியவை ஒரு கையளவு அட்டைகளே. 1883 பிப்ரவரியில் முதல் ஆள் இப்படிப் பிடிபட்டான்; 1884-இல் 241 பேர். ஆகவே கருவியும் சட்டமும் இருந்தன. அடுக்கும் முறைதான் இல்லை என்பது என் முடிவு.

இளவழகன்:
இருவருக்கும் நன்றி. அளவுகளே போதும் என்றால், பெர்த்தியோன் படத்தைக் கைவிடாமல் அதற்கு இவ்வளவு நுணுக்கமான விதிகள் வகுத்தது ஏன்?

கதிரவன்:
அளவுகள் அட்டையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த அட்டை இவனுடையதுதானா என்று இறுதியாக உறுதி செய்யப் படம் வேண்டும். அதற்கு எல்லாப் படங்களும் ஒரே தொலைவிலும் ஒரே ஒளியிலும் இருந்தாக வேண்டும். ஆகவே உட்காரும் நாற்காலியின் அமைப்பிலிருந்து படம் உண்மை உருவத்தில் ஏழில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பதுவரை அவர் நிர்ணயித்தார். தாடியும் முகபாவமும் நேர்முகத்தை மாற்றிவிடும். பக்கவாட்டுத் தோற்றத்தில் நெற்றி, மூக்கு ஆகியவற்றின் கோடும் காதின் வடிவமும் அப்படியே இருக்கும். காதைத்தான் அவர் எல்லாவற்றினும் மேலாக நம்பினார். ஆங்கிலேயச் சிறைகளில் சில காலம் தோளருகே கண்ணாடி வைத்து இரண்டு தோற்றங்களையும் ஒரே படத்தில் எடுத்தார்கள். விரல் குறை தெரிவதற்காகக் கைகளை மார்பின்மேல் விரித்து வைக்கச் செய்தார்கள்.

தேன்மொழி:
கைதிகள் இதற்கு எளிதில் இணங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். முகத்தைக் கோணுவதும் தலையை அசைப்பதும் வழக்கமாகவே இருந்தன. 1913-இல் பிரிட்டனில் வாக்குரிமை கோரிச் சிறை சென்ற பெண்கள் படத்துக்கு மறுத்தபோது, ஈவலின் மனெஸ்டா என்பவரின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்த காவலரின் கையைப் பிறகு படத்திலிருந்து அழித்து, அந்த இடத்தில் கழுத்துத்துணி போல வரைந்திருக்கிறார்கள்.

நம் நாட்டைப் பற்றி ஒரு குறிப்பு: 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கப்பட்ட பின் உடலளவுகள் மெல்ல வழக்கொழிந்தன, படம் மட்டும் தொடர்ந்தது. 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டம் படம் எடுப்பதற்கு அனுமதி அளித்ததோடு, முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாதவரை, அப்படத்தை அழிக்கவோ அவரிடமே கொடுக்கவோ வேண்டும் என்றும் கூறியது. 2022-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.