தனியாக இருக்கும் அம்மாவுக்கு அவசர அழைப்பு பட்டன்: எது நிஜமாகவே உதவும்?

கொல்லைவாழை கேட்டது:

அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரு, தம்பி துபாய். போன மாதம் விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லைப்பக்கக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஆறே முக்காலுக்குப் பால்காரர் வந்து மணியடித்து, பதில் குரல் வராததால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட, அவர்கள் வேலியைத் தாண்டி வந்து தூக்கினார்கள். இரண்டேகால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். போன் கூடத்தில் சார்ஜரில் இருந்தது. ஐந்து மணிக்கு மாத்திரைக்காக நான் வைத்துக்கொடுத்த அலாரம் அடித்து அடித்து ஓய்ந்ததைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டன், கைக்கடிகாரம், மாதச் சந்தா கட்டினால் ஆட்கள் பேசும் சேவை என்று என்னென்னவோ பார்த்துவிட்டேன். அம்மாவிடம் இருப்பது கீபேட் போன், வீட்டில் வைஃபை கிடையாது, சமையலறையில் சிக்னல் சுமார்தான். வீட்டில் பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பெங்களூருக்கு அழைத்துப்போகச் சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன், அவருக்கு அந்த வீடுதான் உயிர்.

சாலிடர் எழுதியது:

அப்பாவுக்காக மூன்று வருடமாக இதே வேலையாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சிம் போடும் கழுத்துப் பட்டன் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அது 2ஜியா 4ஜியா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் நிறைய இன்னும் 2ஜிதான், அதில் ஜியோ சிம் போட்டால் வேலையே செய்யாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த ஊரில் எந்த சிம்முக்கு சிக்னல் நன்றாக இருக்கிறது என்று குளியலறைக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் பட்டனை அழுத்தினாலும் கால் போகாது. அந்த எண்ணுக்கு நாம் யாரும் பேசுவதே இல்லை என்பதால் தீர்ந்தது தெரியாது, எங்கள் வீட்டில் 11 நாள் அப்படிக் கிடந்தது. வருடச் சந்தாவாகப் போட்டு உங்கள் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தப் பட்டன் அழைக்கப்போகும் நான்கைந்து பேரும் அதன் எண்ணைச் சேமித்து வைத்து, இரவில் போன் சைலண்டில் இருந்தாலும் அந்த எண் மட்டும் அடிக்கும்படி செட்டிங் மாற்ற வேண்டும். ராத்திரி தெரியாத எண்ணிலிருந்து வந்தால் யாரும் எடுப்பதில்லை.

ஆப்பிள் வாட்ச் போன்றவை நல்ல சாதனம்தான், ஆள் வேகமாக விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் தானே அவசர எண்ணுக்கு அழைக்கும். ஆனால் அதற்கு ஐபோன் வேண்டும், தினமும் சார்ஜ் வேண்டும், மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் கண்டுகொள்ளாமலும் போகலாம். உங்கள் அம்மாவுக்குச் சரிவராது.

அப்பாவின் கழுத்துப் பட்டன் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா, சட்டை மாட்டும் ஆணியில். நிஜமாக உதவுவது 500 ரூபாய்க்குள் வாங்கிய ஒயர் இல்லாத காலிங் பெல்தான். அடிக்கும் பெட்டியை எதிர்வீட்டுச் சித்தப்பா வீட்டில் செருகி வைத்தேன். ஒரு பட்டன் கட்டில் காலில், இன்னொன்று குளியலறையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். இந்தச் சாண் கணக்கு முக்கியம், நிற்கும்போது கை எட்டும் இடத்தில் வைத்தால் விழுந்தவருக்கு எட்டாது. 100 மீட்டர் போகும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், பழைய வீட்டுச் சுவருக்கு அதில் பாதிகூடப் போகவில்லை. கரண்ட் போனாலும் அடிக்க வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரவுப்பணி எழுதியது:

நான் எலும்பு முறிவு வார்டில் செவிலியர். அக்கா, இரண்டேகால் மணி நேரம் என்பதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். விழுந்த அடியைவிட விழுந்து கிடந்த நேரம் கெடுதல் செய்து வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோல் புண்ணாகும், அழுந்திய தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடம்பு சில்லிட்டுவிடும். அம்மாவை இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் காட்டிவிடுங்கள், ஏன் விழுந்தார் என்பதையும் கேளுங்கள். விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுபவர்கள் அதிகம், பிரஷர் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு 108 அடித்தால் அது கர்நாடகத்து 108க்குத்தான் போகும், உங்கள் தம்பியால் துபாயிலிருந்து அந்த எண்ணை அடிக்கவே முடியாது. அதனால் முதல் அழைப்பு உங்களுக்கு வருவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. பத்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய இரண்டு பேருக்கு முதலில் போகட்டும், அவர்கள் 108ஐ அழைக்கட்டும். வீட்டுக்கு அடையாளம், கோயிலுக்கு எந்தப் பக்கம், வண்டி தெருவுக்குள் திரும்புமா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்களிடமும் கொடுங்கள், நிலைக்கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். அதிலேயே மாத்திரைப் பெயர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அவர்கள் தலையில் அடிபட்டால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ வலி என்றால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்பதையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம் கதவு. மணி அடித்து ஆள் ஓடிவந்து, கிரில் கேட்டில் உள்பக்கம் பூட்டு தொங்கினால் என்ன செய்வது? ஒரு சாவி வெளியே நம்பகமான வீட்டில் இருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றுங்கள். விழுந்தவர் கதவுக்கு அணைவாகக் கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது.

திண்ணை73 எழுதியது:

எனக்கு 73. காரைக்குடி. நானும் தனியாகத்தான் இருக்கிறேன், அம்மா பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் கண்ணு. என் மகன் வாங்கிக் கொடுத்த பட்டனை எட்டு மாதம் அழுத்தவே இல்லை. இரண்டு முறை அழுத்த வேண்டிய நிலை வந்தது, ஒரு முறை மயக்கம், ஒரு முறை நெஞ்சில் அடைப்பு மாதிரி. அழுத்தினால் நாலு வீடு ஓடிவரும், ஒன்றுமில்லை என்றால் என்ன முகத்தோடு நிற்பது, அதோடு பிள்ளை நம்மை இங்கிருந்து கிளப்பிவிடுவான் என்ற பயம். பட்டனைத் தொடவே கை வரவில்லை.

பிறகு அவன் வந்து உட்கார்ந்து, நீ எத்தனை முறை அழுத்தினாலும் வீட்டை விடச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். வாரம் ஒரு நாள் சும்மாவே அழுத்திப் பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டோம். ஞாயிறு பத்து மணிக்கு நான் அழுத்துவேன், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு முறுக்கு வாங்கிக்கொண்டு போகும். பட்டனைக் கழுத்தில் போட எனக்குப் பிடிக்கவில்லை, இடுப்பில் செருகும் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன், அது 40 வருடமாக இடுப்பில் இருப்பது, மறக்காது. தினமும் காலையில் காபி கலந்ததும் மகனுக்கு ஒரு மிஸ்டு கால். ஆறரைக்குள் வரவில்லை என்றால் அவன் பக்கத்து வீட்டுக்குப் பேசுவான். இதற்குக் காசும் ஆகவில்லை. எதை வாங்கினாலும் அவர்களைக் கேட்டு வாங்கு.

கொல்லைவாழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்கு வந்தேன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். திண்ணை அம்மா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அவங்களுக்கும் அப்படித்தானா" என்றார். வீட்டை விடச் சொல்ல மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெல் வாங்கி, பெட்டியைப் பக்கத்து வீட்டு அக்கா படுக்கும் அறையில் வைத்தோம். குளியலறையிலிருந்து முதலில் அடிக்கவில்லை, பெட்டியை வேலிப்பக்க ஜன்னலுக்கு மாற்றியதும் அடித்தது. தரையில் நானே படுத்துக் கையை நீட்டிப் பார்த்தேன், கதவு மூலையில் கிடந்தால் எட்டவில்லை, அதனால் இரண்டாவது பட்டன் கதவோரம். தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது, தச்சர் புதன்கிழமை வருகிறார். சாவி பால்காரரிடமும் ஒன்று இருக்கட்டும் என்று அம்மாவே சொன்னார்.

மாத்திரைத் தாள் எழுதும்போதுதான் பார்த்தேன், பிரஷர் மாத்திரை இரண்டு வேறு டாக்டர்கள் எழுதியது, பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்து, இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரவுப்பணி, நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், வேறென்ன கேட்க வேண்டும்?

இரவுப்பணி எழுதியது:

எல்லா அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரை மட்டும் சொல்லாதீர்கள். காலை மாத்திரையைப் போடலாமா என்று இன்றே டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியமும் (உப்புச் சத்து) கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கண்ணாடிப் பவர் கடைசியாக எப்போது பார்த்தது?