‘ரெஃபரன்ஸ்’: பரிந்துரையா, நற்சான்றா, சான்றுரையா?

நண்பர்களுக்கு வணக்கம். வேலைக்கு விண்ணப்பிப்பவரைப் பற்றிப் பழைய முதலாளி சொல்லும் கருத்தை ஆங்கிலத்தில் ‘ரெஃபரன்ஸ்’ என்கிறார்கள். அதற்குப் புதிதாக ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று சொல்லியிருந்தேன்; அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> ‘பரிந்துரைக் கடிதம்’ என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, ஆனால் அது வேறொன்றின் பெயர். பரிந்துரைப்பவர் ‘இவரை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் பழைய முதலாளியிடம் கேட்பது ‘இவர் உங்களிடம் எப்படி வேலை பார்த்தார்?’ என்று. பதில் நல்லதாகவும் வரலாம், பாதகமாகவும் வரலாம். ‘பாதகமான பரிந்துரை’ என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள், இடிக்கும். நற்சான்றிலும் இதே சிக்கல்தான்: கேள்வி கேட்பதற்கு முன்பே ‘நல்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது பிரிட்டன் தொழிலாளர் சட்டம் பற்றிய கையேடு. அங்கே இந்தச் சிக்கலைத் தாண்டிப் போகவே முடியவில்லை. பழைய முதலாளி குறை சொல்லவே கூடாது, சொன்னால் சட்டப்படி குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சொல்லலாம், ஆனால் சொல்வது உண்மையாக, துல்லியமாக, நியாயமாக இருக்க வேண்டும். பெரும்பாலான வேலைகளில் எதையும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அதனால்தான் பல நிறுவனங்கள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கின்றன.

இதற்கு அடித்தளம் ‘ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ்’ வழக்கு. காப்பீடு விற்றுவந்த ஒருவர் வேலை போனபின் இன்னொரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். பழைய இடத்திலிருந்து போன கடிதம் அவரை நேர்மையற்றவர் என்கிறது. எழுதியவர்கள் அதை மனதார நம்பித்தான் எழுதினார்கள், ஆனால் சரிபார்க்கவில்லை. மனதார நம்பியதால் அவதூறு வழக்கில் அவர்களைப் பிடிக்க முடியாது, தீய நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். 1994-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வேறு வழி காட்டியது: யாரைப் பற்றி எழுதுகிறாயோ, அவரிடத்திலும் உனக்குக் கவனக் கடமை உண்டு. அசட்டையாக எழுதி அவர் பிழைப்பு கெட்டால் இழப்பீடு தர வேண்டும்.

நான்கு ஆண்டு கழித்து லண்டன் ஹாக்னி நகராட்சி வழக்கு. விலகியபோது ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தது, அவர் விலகியதால் அது அப்படியே முடிந்துபோனது என்று நகராட்சி எழுதியிருந்தது. ஊழியர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். எழுதியது உண்மை, மொத்தமாகப் படித்தால் நியாயம், மறைத்திருந்தால் புதிய முதலாளிதான் ஏமாந்திருப்பார் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

ஆக, எழுதுபவர் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவர். ஏறக்குறைய கூண்டில் ஏறிய சாட்சியின் நிலை. நமக்கு வேண்டிய சொல்லும் சாட்சியின் பக்கத்திலிருந்தே வரவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்றே சொல் உண்டு; 25-ஆம் குறளில் ‘இந்திரனே சாலுங் கரி’ என்று வருகிறது. ஆனால் இன்று ‘பணிக்கரி’ என்றால் யாருக்கும் அடுப்புதான் நினைவுக்கு வரும். மிஞ்சுவது ‘சான்று’.

> அப்படியானால் ‘பணிச்சான்றிதழ்’ போதுமே?

போதாது, இரண்டு காரணங்கள். ஒன்று, அந்த இடம் நிரம்பிவிட்டது. இந்தியாவில் 1946-ஆம் ஆண்டு மத்திய விதிகளோடு வந்த மாதிரி நிலையாணைகளில் (தொழில் நிறுவனங்களின் வேலை விதிகளுக்கான மாதிரி), வேலையிலிருந்து நீங்கும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச்சான்றிதழ் பெறும் உரிமை தரப்பட்டது, பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும்கூட. அது வேலை பார்த்ததற்கான அத்தாட்சி, எப்படிப் பார்த்தார் என்ற கருத்து அல்ல.

இன்னொன்று, சான்றிதழில் ‘இதழ்’ இருக்கிறது. நம் ஊரில் இந்த விசாரணை பாதிக்கு மேல் தொலைபேசியில்தான் நடக்கிறது. என் தங்கை மகள் இரண்டு சுற்று நேர்காணல் முடித்து, சம்பளம் வரை பேசியாகிவிட்டது. பழைய மேலாளருக்கு ஒரு போன் போனது. ‘அந்தப் பொண்ணைப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பலை’ என்றாராம். அவ்வளவுதான், வேலை போயிற்று. கையில் தாளும் இல்லை, மறுத்துப் பேச ஒரு வரியும் இல்லை. இன்று வரை எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. அந்த போன் பேச்சுக்கும் பொருந்துகிற சொல்லாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

என் முன்மொழிவு: சான்றுரை. உரை என்பது எழுத்தாகவும் இருக்கலாம், வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். உரைத்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பொறுப்பு இருக்கிறது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. சாதகமான சான்றுரை, பாதகமான சான்றுரை, தேதி மட்டும் தரும் சுருக்கச் சான்றுரை என எல்லாம் இடிக்காமல் வருகின்றன. தருபவர் ‘சான்றுரையாளர்’. ஆங்கிலத்தில் அவர் ‘ரெஃபரீ’; அதை அப்படியே பெயர்த்து விண்ணப்பப் படிவத்தில் ‘நடுவர் இருவரின் முகவரி’ என்று போட்டால் விளையாட்டுப் போட்டி ஆகிவிடும். ‘பார்வை’யும் வேண்டாம், அது அரசுக் கடிதத்தின் தலையில் முந்தைய கடித எண்ணைக் குறிக்கிற சொல்லாக நிலைத்துவிட்டது.

சரி, இதோடு ஒட்டிய இன்னொரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தியாவில் அவதூறுக் குற்றம் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க ‘நல்லெண்ணத்துடன்’ (ஆங்கிலத்தில் ‘குட் ஃபெயித்’) சொன்னது அவதூறு ஆகாது என்பது அதன் விலக்குகளில் ஒன்று. கடைக்காரர் தன் ஆளிடம் ‘இன்னாருக்கு ரொக்கம் வாங்காமல் எதையும் விற்காதே, அவன் நாணயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று சொல்வதைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் விளக்கப்படி, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது. ‘நல்லெண்ணம்’ என்று நாம் எழுதினால் படிப்பவர் மனதின் சுத்தத்தை மட்டும்தான் நினைப்பார். விசாரித்தாயா, சரிபார்த்தாயா என்ற பாதி உதிர்ந்துவிடுகிறது. ‘நன்னம்பிக்கை’யிலும் அந்தப் பாதி வரவில்லை. ‘கவனமுள்ள நல்லெண்ணம்’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன், நீளம் உறுத்துகிறது. நீதிமன்றத் தமிழில் பழகியவர்கள் இதற்கு ஒரு சொல் தந்தால் கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முடித்துவிடுவேன்.

அன்புடன்.