மகளுக்கு மருத்துவ நேர்முகம்: அம்மம்மாவின்ர கதையைச் சொல்லலாமோ?

ஹாரோ_அம்மா:
வணக்கம். மகளுக்குப் பதினேழு வயது. ஒக்டோபர் 15க்கு முதலே, இங்க பிரித்தானியாவில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற யூகாஸில நாலு மருத்துவக் கல்லூரிக்கும் போட்டாச்சு. ஒண்டில இருந்து எம்.எம்.ஐ. எண்டுற, கன சின்னச் சின்ன நேர்முகம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வைக்கிற நேர்முகத்துக்குத் தை மாதம் கூப்பிட்டிருக்கினம். எங்கட சொந்தத்தில டொக்டர்மார் ஒருத்தரும் இல்லை. அவளோட படிக்கிற பிள்ளையள் தகப்பன் வேலை செய்யிற ஆசுப்பத்திரியில போய் நிண்டு பாத்தவை. இவள் செய்தது சனிக்கிழமையில முதியோர் இல்லத்தில தேத்தண்ணி குடுத்ததும், அம்மம்மாவோட ஜீ.பீ.யிட்ட, அதாவது குடும்ப டொக்டரிட்டப் போய் மொழிபெயர்த்ததும்தான். இதை அங்க சொல்லலாமோ? ஒரு ரியூசன்காரர் விடை எழுதித் தாறம், பாடமாக்கினாக் காணும் எண்டினம். விடட்டோ?

லூட்டன்_பொடியன்:
அன்ரி, நான் இப்ப இரண்டாம் வருசம். அறை அறையாப் போகவேணும், ஒவ்வொண்டிலயும் ஏழெட்டு நிமிசம்தான். மணி அடிச்சா எழும்பவேணும். எனக்கு ஒரு அறையில நடிகை இருந்தவ. நடிப்புக்கு, அவவின்ர பூனையை நான் கார் ஏத்திச் சாகடிச்சுப்போட்டனாம், அதை அவவுக்குச் சொல்லவேணும். சொன்ன உடன அவ அழத் தொடங்க, நான் "அழாதேங்கோ, வேற பூனை வாங்கித் தாறன்" எண்டிட்டன். அந்த அறை போச்சு. ஆனா அடுத்த அறையில இருக்கிறவருக்கு அது தெரியாது, புதுசாத் தொடங்கலாம். இதைத் தங்கச்சிக்குக் கட்டாயம் சொல்லுங்கோ.

வன்னிமகள்:
அக்கா, நான் ஜீ.பீ. இரண்டு வருசம் நேர்முகத்தில புள்ளி போட இருந்தனான். ரியூசனுக்குக் காசைக் குடுக்காதேங்கோ. நாங்கள் காலமை தொடக்கம் ஒரே கேள்வியைத்தான் கேக்கிறம். பாடமாக்கின விடை மூண்டாவது பிள்ளையோடயே பிடிபட்டிடும். இந்த முறையைக் கனடாவில மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில தொடங்கினதே, ஒரு குழுவுக்குப் பிடிச்சுதோ இல்லையோ எண்டதில பிள்ளையின்ர வாழ்க்கை தங்கக்கூடாது எண்டுதான்.

தகப்பனோட ஆசுப்பத்திரியில நிண்ட பிள்ளை "சத்திரசிகிச்சை பாத்தன்" எண்டு சொன்னா அதுக்குப் புள்ளி இல்லை. பாத்து என்ன விளங்கிச்சு எண்டதுக்குத்தான் புள்ளி. உங்கட மகள் அம்மம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில இருந்தவள். "நெஞ்சு எரியுது" எண்டதை அவள் என்னெண்டு சொன்னவள்? நெஞ்செரிவெண்டோ, நெஞ்சுநோ எண்டோ? அந்த ஒரு சொல்லில சிகிச்சையே மாறும். பேத்திக்கு முன்னால அம்மம்மா சொல்லாமல் விட்டது ஏதும் இருந்ததோ? இதுக்காகத்தான் வீட்டுப் பிள்ளையளை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ எண்டு அரசாங்க மருத்துவ சேவை என்.எச்.எஸ். சொல்லுது. தன்விருப்பம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி எண்டு மருத்துவ ஒழுக்கத்தின்ர நாலு தூணையும் எல்லாரும் ஒப்புவிப்பினம். இவள் அதை ஒரு கதிரையில இருந்து கண்டவள். அதைச் சொல்லட்டும். ஆனா அம்மம்மாவிட்ட முதல் கேக்கவேணும், ஆளை அடையாளம் காட்டாமலும் சொல்லவேணும்.

வீட்டில ஒரு பயிற்சி செய்யுங்கோ. கெட்ட செய்தி ஒண்டை அவள் உங்களுக்குச் சொல்லட்டும். சொல்லிப்போட்டுப் பேசாமல் இருக்கப் பழக்குங்கோ. பத்து விநாடி சும்மா இருக்கிறது எங்கட பிள்ளையளுக்குச் சரியான கஷ்டம். வீட்டில ஆரும் அழுதா நாங்கள் உடன வாயை மூடப்பண்ணித்தானே பழக்கியிருக்கிறம்.

ஹாரோ_அம்மா:
தங்கச்சி, ராத்திரி அவளிட்டக் கேட்டனான். அம்மம்மாவுக்குச் சலம் அடக்கேலாமல் போறதாம், "டொக்டரிட்ட அதைச் சொல்லாதை பிள்ளை" எண்டு வெளியில வைச்சுச் சொன்னவவாம். அடுத்த முறை இவள் தானே வரவேற்பில போய், ரெலிபோனில தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேட்டு ஒழுங்கு செய்துபோட்டு, வெளியில இருந்தவளாம். ஒரு வருசமா எனக்கே இது தெரியாது. அம்மாவிட்டக் கேட்டன். "பேர் சொல்லாமச் சொல்லட்டும், அவளுக்கு உதவுமெண்டா" எண்டவ. ரியூசன்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். பூனைப் பயிற்சி இண்டைக்குப் பின்னேரம்.