கரைகாரம்: எரிகாரத்துக்கு ஒரு மாற்று

நண்பர்களே,

வேதியியலில் பேஸ் (base) என்பதற்குக் காரம், ஆல்கலி (alkali) என்பதற்கு எரிகாரம் என்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். முதல் சொல் ஊறிப்போய்விட்டது, இருக்கட்டும். இரண்டாவதுதான் உறுத்துகிறது. எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கையில் பட்டால் தோலை அரித்துவிடும், அதற்கு எரிகாரம் சரி. சுண்ணாம்புத் தெளிநீருக்கு? ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் நீற்றுச் சுண்ணாம்புகூடக் கரையாது. அதுவும் ஆல்கலிதான், ஆனால் அந்த அளவுக்கு எரிக்காது. ஆல்கலியை மற்ற காரங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அது நீரில் கரைவதுதான்.

கறுப்புத் தாமிர ஆக்சைடைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். அடியில் போய்த் தங்கிவிடும், ஆல்கலி பட்டால் நீலமாகும் சிவப்பு லிட்மஸ் தாள் சிவப்பாகவே இருக்கும். அதையே நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு இளஞ்சூடாக்கினால் கறுப்புத்தூள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து கரைசல் நீலமாகும். மயில்துத்தம் (தாமிர சல்பேட்)! அமிலத்தோடு வினைபுரிந்து உப்பும் நீரும் தருவதால் அது காரம். நீரில் கரையாததால் ஆல்கலி இல்லை. ஆகவே ஆல்கலிக்குக் ‘கரைகாரம்’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

ஆல்கலிக்கு முந்தைய மடலில் பரிந்துரைக்கப்பட்ட ‘உவரம்’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு என்பதும் உண்மை. ஆனால் வேளாண்துறையினரிடம் போய் உவர்நிலம் என்றால் உப்பு மிகுந்த நிலம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சோடியம் ஏறி, பிஎச் 8.5-ஐத் தாண்டி, ஜிப்சம் போட்டுத் திருத்த வேண்டிய நிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் களர். இருக்கிற குழப்பம் போதும்.

ஈழத்தில் பேஸுக்கு மூலம், ஆல்கலிக்குக் காரம் என்று எழுதுகிறார்கள். நம் ஏற்பாட்டைவிட அது தெளிவு. அமிலத்தோடு சேர்ந்து உப்பு உருவாக அடித்தளமாக இருப்பது என்ற பொருளில்தான் 1754-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ருவேல் பேஸ் என்ற சொல்லைக் கையாண்டார். ஆனால் இங்கே வகுப்பில் ‘வலிமையான மூலம்’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

காரம் என்றால் மிளகாய்தானே நினைவுக்கு வரும் என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிகாரத்தின் பெயரிலேயே காரம் இருக்கிறது, அதன் கரைசலோ அமிலம்போல நீல லிட்மஸைச் சிவப்பாக்குகிறது. யாரும் குழம்பவில்லையே.

அப்புறம், எழுத்துக்கூட்டல். ‘கரைகாரம்’ வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘கரைக்காரம்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். கார உலோகம் (alkali metal), காரமண் உலோகம் (alkaline earth metal) இரண்டும் அப்படியே இருக்கட்டும். ஆல்கலைன் பேட்டரியில் மின்பகுளி (electrolyte) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பதால் ‘கரைகார மின்கலம்’ தடையில்லாமல் வருகிறது.

குடிநீர்ச் சோதனை அறிக்கையில் வரும் ‘காரத்தன்மை’ வேறு கதை. அது பெரும்பாலும் பைகார்பனேட்டின் கணக்கு, பிஎச் 7-இல் உள்ள தண்ணீரிலும் இருக்கும். அதற்குத் தனி இழை தொடங்குவோமா?