12 அடி வண்டிக்கு 14 அடி ஹெட்டர் மாட்டலாமா?

மன்னார்குடிக்காரன், டுவாஸ்

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டராக இருக்கிறேன். ஊரில் அண்ணன் பழைய டயர் வைத்த அறுவடை வண்டி ஒன்று வைத்து நெல் அறுக்கிறார். போன சம்பா அறுப்பில் மதகுச் சுவரில் இடித்து, வண்டியின் முன்னால் பயிரை அறுக்கும் ஹெட்டர் கோணிக்கொண்டது. கத்தி ஓடும் பாதையே வளைந்துவிட்டதால் பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார்.

இப்போது ஆத்தூர்ப் பக்கம் உடைப்புக்குப் போன வேறு கம்பெனி வண்டியின் 14 அடி ஹெட்டரை வாங்கி வாசலில் இறக்கியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசு மட்டும் என்னுடையது, நாலு மாத ஓவர்டைம் காசு. எங்கள் பழைய ஹெட்டர் 12 அடி.

மாட்டும் கொக்கி பொருந்தவில்லை. நடுவில் 6 அங்குலத்துக்கு ஒரு அடாப்டர் ஃபிரேம் அடித்துக் கோத்துவிடலாம் என்கிறார். பொங்கலுக்கு 3 வாரம் லீவு, வெல்டிங் நானே செய்வேன். அதற்குள் வீடியோ காலில் அவரை என்னென்ன அளக்கச் சொல்லட்டும்?

பழைய ஆபரேட்டர், பூன் லே

தம்பி, முதலில் அந்த அடாப்டர் யோசனையை விடுங்கள். சிங்கப்பூர் வருமுன் எட்டு சீசன் வண்டி ஓட்டியவன் நான். நீங்கள் சொல்லும் வேலையை ஒரு முதலாளி செய்து பார்த்தார். அறுத்த நெல்லை நடுவுக்குக் கொண்டுவரும் சுருள்தான் ஆகர்; அதன் விரல் நெல்லைப் பின்னால் தள்ளும், வண்டியின் வாயான ஃபீடரில் ஓடும் செயின் அதைக் கவ்வி உள்ளே இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 6 அங்குலம் இடைவெளி விழுந்தால் தள்ளவும் ஆளில்லை, இழுக்கவும் ஆளில்லை. காய்ந்த பயிரில் எப்படியோ ஓடும். பனி ஈரத்தோடு காலையில் இறங்கினால் வைக்கோல் அங்கே திரண்டு அடைத்துக்கொள்ளும். நாள் முழுக்க இறங்கி இறங்கிப் பிடுங்கினேன். ஹெட்டர் முதுகில் இருக்கும் கொக்கியை அறுத்துவிட்டு, உங்கள் வண்டிக்கு ஏற்றதை அதிலேயே நேராக வெல்டு செய்யுங்கள்.

அளக்க வேண்டியதில் முதலாவது ஃபீடர் வாயின் அகலம், ஹெட்டர் பின்பக்கத் திறப்பின் அகலம். திறப்பு பெரிதாக இருந்தால் ஓரத்தைத் தகடு வைத்து அடைத்து, ஆகர் சுருளையும் அந்த அளவுக்கு உள்ளே நீட்ட வேண்டும்.

அப்புறம் சுற்று. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாக்பீஸால் குறி போட்டு, ஹெட்டர் சாஃப்ட்டைக் கையால் 10 சுற்று சுற்றச் சொல்லுங்கள். கத்தியை ஆட்டும் கிராங்க் எத்தனை சுற்று, ஆகர் எத்தனை சுற்று என்று எண்ணட்டும். வேலை நேரத்தில் கிராங்க் நிமிஷத்துக்கு 500 பக்கம் சுற்ற வேண்டும், ஆகர் 150 முதல் 200 வரை. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள். திசை மாறினால் ஆகர் நெல்லை நடுவுக்குக் கொண்டுவராது, இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிடும்.

ஹைட்ராலிக் ஓஸ் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மரை மட்டும் பாருங்கள்.

செம்பவாங் மாமா

நான் வயலில் இறங்காத சிங்கப்பூர்க்காரன். மலேசியாவில் கெடாவில் மைத்துனர் வீட்டுக்குப் போகும்போது வேடிக்கை பார்ப்பதோடு சரி. அங்கே பழைய நியூ ஹாலண்ட் வண்டிகளை, முன் டயரைக் கழற்றிவிட்டுச் செயின் ட்ராக் போட்டுச் சேற்றில் ஓட்டுகிறார்கள். தம்பி, உங்களுடையது டயர் வண்டி. முன்னால் 2 அடி அதிகம் என்றால் எடையும் அதிகம். பின் சக்கரத்தில்தானே ஸ்டீயரிங்? வரப்பு ஏறும்போது பின்பக்கம் தூக்கினால் வண்டி பேச்சைக் கேட்காது.

மன்னார்குடிக்காரன், டுவாஸ்

தேக்காவில் சுற்று வேகம் காட்டும் டாக்கோமீட்டர் ஒன்று வாங்கி, ஊருக்குப் போன ரூம்மேட்டிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அளந்துவிட்டார்.

கையால் 10 சுற்று சுற்றினால் கிராங்க் 10, ஆகர் 4. எங்கள் ஃபீடர் சாஃப்ட் 400 சுற்று ஓடுகிறது, ஃபீடர் பக்கமும் ஹெட்டர் பக்கமும் 20 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). ஃபீடர் பக்கத்தில் மட்டும் 25 பல் போட்டால் கிராங்க் 500, ஆகர் 200. திசை ஒன்றுதான், நல்லவேளை. திறப்பு 4 அங்குலம் பெரிது, பக்கத்துக்கு 2 அங்குலம் அடைக்க வேண்டும்.

மாமா, எடையை நான் யோசிக்கவே இல்லை. பின் ஆக்சிலுக்கு மேல் இரும்பு வைக்கப் பெட்டி அடிக்கிறேன். லிஃப்ட் சிலிண்டர் தூக்குமா என்பது மாட்டினால்தான் தெரியும்.

பழைய ஆபரேட்டர், பூன் லே

தூக்காவிட்டால் 12 அடியாக அறுத்துவிடுங்கள். கத்திப் பல் 3 அங்குலக் கணக்கு, 2 அடிக்குச் சரியாக 8 பல் போகும். ஆகர், பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் ரீல் இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அதுதான் தலைவலி. அப்புறம், தூக்கி நிறுத்திய ஹெட்டருக்கு அடியில் முட்டு கொடுக்காமல் படுக்காதீர்கள். ஓஸ் பிய்ந்தால் மொத்தமும் மேலே விழும்.

மன்னார்குடிக்காரன், டுவாஸ்

சரிண்ணே. அடாப்டருக்கென்று அண்ணன் ஏற்கெனவே சேனல் இரும்பு வாங்கி வைத்துவிட்டாராம். பெட்டிக்கு ஆகும்.