மும்பை செம்பூர் தமிழ்க் குழு: பின்கேட்டில் நின்ற நரி

ராஜி மாமி: நேற்று ராத்திரி நம் பின்கேட் பக்கம் ஒரு நரி நின்றது. நாய் என்றுதான் நினைத்தேன். வால் புசுபுசுவென்று, நுனி கறுப்பு. பேரன் எடுத்த போட்டோ இதோ.

சுந்தர் மாமா: நரியேதான். குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே! வனத்துறை உதவி எண் 1926-க்குப் போன் செய்து, பிடித்து நேஷனல் பார்க்கில் விடச் சொல்லலாம்.

கவிதா: வேண்டாம் மாமா. இது தாணே க்ரீக் ஓரத்து அலையாத்திக் காட்டில் வாழும் நரி. நண்டு, மீன், எலி எல்லாம் தின்னும். தெரியாத காட்டில் விட்டால் பிழைப்பதே கஷ்டம். 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தில் நரியை முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் வேறு சேர்த்திருக்கிறார்கள். காயமோ நோயோ இருந்தால் 1926-க்குச் சொல்வோம், நன்றாக நடமாடும் நரியை விட்டுவிடுவோம்.

ராஜி மாமி: வெறிநோய் இருந்தால் என்னம்மா செய்வது? பயமாக இருக்கிறது.

கவிதா: உங்கள் பயம் நியாயம்தான் மாமி. 2024-ல் நம் பக்கத்தில் செத்துக்கிடந்த நரிகள் சிலவற்றுக்கு வெறிநோய் உறுதியானது. தெருநாய்களிடமிருந்து தொற்றக்கூடிய நோய் அது. நாயும் நரியும் சந்திக்கும் இடம் நம் குப்பைத்தொட்டி. மிச்சச் சோற்றை வெளியே வைக்காதீர்கள். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஊசிக்கு ஓட வேண்டும்.

செல்வம் அண்ணன்: நரி என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் ஊர் கொள்ளிடத்தில் சின்ன வயதில் நீர்நாய்க் கூட்டம் பார்த்திருக்கிறேன். மணலை அள்ளி அள்ளிக் கரையே போனது. பிறகு காணவில்லை.

கவிதா: அதேதான் அண்ணா! கரையில் வளை வைக்க இடமில்லை என்றால் ஆற்றில் மீன் இருந்தும் நீர்நாய் தங்காது. துங்கபத்திரையில் கர்நாடக அரசு 2015-ல் 34 கிலோமீட்டருக்கு நீர்நாய்க் காப்பகம் அறிவித்தது. இடம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்தால் முடிகிறது.

சுந்தர் மாமா: இங்கேயும் சட்டம் இருக்கிறதே. அலையாத்தியை வெட்டக்கூடாது என்று 2005-லேயே ஹைகோர்ட் சொன்னது. க்ரீக்குக்கு 2022-ல் ராம்சார் தகுதியும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரமும் வந்துவிட்டது.

கவிதா: மரத்தை அழிக்க வெட்டவே வேண்டியதில்லை மாமா. ராத்திரி லாரியில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டி, கடல்தண்ணீர் ஏறி இறங்கும் வழியை அடைத்தால் போதும். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர் புதைந்து மரம் தானாகக் காய்ந்துவிடும். நண்டும் போய்விடும். அப்புறம் அதைக் காலி மனை என்பார்கள். அங்கே இரை போன நரிதான் நம் குப்பைக்கு வருகிறது. எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை, வயிறு எரிகிறது.

செல்வம் அண்ணன்: க்ரீக் ரோடு முனையில் அப்படி லாரி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது.

கவிதா: கிட்டே போகாதீர்கள் அண்ணா. தூரத்திலிருந்து வண்டி எண் தெரிகிற மாதிரி போட்டோ, கூடவே லொக்கேஷன். இரண்டும் இருந்தால் வனத்துறைக்குப் புகார் எழுதிவிடலாம். மராத்தியில் நான் எழுதுகிறேன்.

சுந்தர் மாமா: எழுது கவிதா. சொசைட்டி லெட்டர்ஹெட்டில் போகட்டும், செக்ரட்டரி கையெழுத்தை நான் வாங்கித் தருகிறேன்.

ராஜி மாமி: தொட்டிக்கு மூடி போடச் சொல்லி வாட்ச்மேனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். பி விங் தொட்டிக்கு மூடியே இல்லையாம், யாராவது வாங்கி வாருங்கள்.