கணவரின் கொத்துத் தலைவலிக்கு ஆக்சிஜன்: காப்பீடு மறுத்துவிட்டது, அவசர உதவி தேவை

மாடிவீடு
வணக்கம். கணவருக்குக் கொத்துத் தலைவலி (கிளஸ்டர் தலைவலி). மருத்துவர் வீட்டுக்கு ஆக்சிஜன் எழுதிக்கொடுத்தார், காப்பீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நள்ளிரவில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. இங்கே யாருக்காவது கிடைத்திருக்கிறதா? என்ன எழுதினால் ஒப்புக்கொள்வார்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏரிக்கரை
எந்த நாடு? சொந்தக் காப்பீடா, அலுவலகத்தில் கொடுத்ததா? மறுப்புக் கடிதத்தில் காரணம் என்று ஒரு வரி இருக்கும், அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

மழைக்கோட்டு
பிரிட்டனில் மருத்துவர் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினால் போதும், சிலிண்டர் வீட்டு வாசலுக்கே வரும். கட்டணமும் இல்லை.

ஏரிக்கரை
நல்லது. அவர் பிரிட்டனில் இருந்தால் உதவும்.

மூத்தகுடி
வாரம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. மேலே நிலையாக வைத்திருக்கும் பதிவைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதலில், இது கொத்துத் தலைவலிதான் என்று சொன்னது யார்? ஒற்றைத் தலைவலியை வைத்துக்கொண்டு ஆக்சிஜன் கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள்.

வெயில்காலம்
என் மைத்துனருக்கு வைட்டமின் டி அளவு குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்ததும் தலைவலி விட்டுப்போனது. காப்பீட்டோடு மல்லுக்கட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள்.

மாடிவீடு
அமெரிக்கா. கணவரின் அலுவலகக் காப்பீடு. சொன்னவர் நரம்பியல் மருத்துவர் ஐயா, நாங்களாக முடிவு செய்யவில்லை. கண்ணில் நீர் வடியும், இமை தொங்கும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் தானாக நிற்கும். கடிதத்தில் உள்ளது இதுதான்: "ஓய்வு நிலையில் ரத்த ஆக்சிஜன் செறிவு 88 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்பதற்குச் சான்று இல்லை." அவருக்கு 98 இருக்கிறது.

ஏரிக்கரை
விஷயம் விளங்கிவிட்டது. அந்த 88 நுரையீரல் நோயாளிகளுக்கான மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) விதி. கொத்துத் தலைவலிக்காரருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை. இங்கே ஆக்சிஜன் வலியை நிறுத்தும் மருந்து. உங்கள் விண்ணப்பத்தை நுரையீரல் பெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மருந்துச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கணக்கர்
நோய்க் குறியீட்டையும் பாருங்கள். ஆர்51.9 என்றிருந்தால் அது வெறும் தலைவலி, அந்த இடத்திலேயே கதை முடிந்தது. கொத்துத் தலைவலி ஜி44.0 வரிசை: விட்டுவிட்டு வருவது ஜி44.01, நாள்பட்டது ஜி44.02, இவற்றுக்குப் பின் இன்னோர் இலக்கமும் வேண்டும். என் அனுபவத்தில் பாதி மறுப்புகள் குறியீட்டுக் கோளாறுதான்.

மாடிவீடு
குறியீடு ஜி44.019. சீட்டில் "ஆக்சிஜன், நிமிடத்துக்கு 2 லிட்டர், மூக்குக் குழாய், தேவைப்படும்போது" என்று இருக்கிறது.

ஏரிக்கரை
குறியீடு சரி, சீட்டு சரியில்லை. 2 லிட்டரும் மூக்குக் குழாயும் நுரையீரல் நோயாளிக்கு எழுதும் வழக்கமான வரி; அலுவலகத்தில் யாரோ பழக்கத்தில் தட்டியிருப்பார்கள். வேண்டியது இது: 100 விழுக்காடு ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், நான்-ரீபிரீதர் முகமூடி (அடியில் பை தொங்குவது), வலி தொடங்கியதும் 15 முதல் 20 நிமிடம். சிலிண்டர் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் செறிவூட்டியை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி) இறக்கிவிட்டுப் போவார்கள். வீட்டுச் செறிவூட்டிகள் பெரும்பாலும் 5 லிட்டர், மிஞ்சினால் 10. இந்த வலிக்கு அது காணாது.

மருத்துவரின் கடிதத்தோடு 2009 டிசம்பரில் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த லண்டன் ஆய்வையும் இணையுங்கள்: 12 லிட்டர் வேகத்தில் ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 விழுக்காடு தாக்குதல்களில் 15 நிமிடத்தில் வலி நீங்கியது, வெறும் காற்றுக்கு 20 விழுக்காடுதான்.

மூத்தகுடி
கொத்துத் தலைவலிக்கு ஆக்சிஜன், மருத்துவ ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று மெடிகேரே 2011இல் சொல்லிவிட்டது. ஜாமாவைக் காட்டினால் அசந்துபோய்க் கொடுத்துவிடுவார்களாக்கும்.

ஏரிக்கரை
அந்த விதியை 2021 செப்டம்பர் 27 அன்று நீக்கிவிட்டார்கள். இப்போது மெடிகேரின் வட்டார ஒப்பந்ததாரர்கள் முடிவு செய்கிறார்கள். மேலே இருக்கும் பதிவைத் திருத்த வேண்டியவர் நீங்கள்தான்.

கணக்கர்
சிலிண்டர் அளவையும் எழுதச் சொல்லுங்கள். ஈ சிலிண்டரில் (கையில் கொண்டுபோகும் சிறிய அளவு) ஏறத்தாழ 680 லிட்டர். 15 லிட்டர் வேகத்தில் 45 நிமிடம், அதாவது மூன்று தாக்குதல். ஒரே இரவில் தீர்ந்துவிடலாம். வீட்டுக்குப் பெரிய சிலிண்டரும் வெளியே கொண்டுபோக ஒரு சிறியதும் கேளுங்கள். 15 லிட்டர் வரை திறக்கும் ரெகுலேட்டரும் வேண்டும்.

இரும்படி
இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் எதற்கு? வெல்டிங் கடையில் வாங்கினால் வேலை முடிந்தது. இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து நிரப்புவதுதான்.

கணக்கர்
தொட்டி ஒன்றாக இருக்கலாம், சிலிண்டர் ஒன்றல்ல. அதற்கு முன் அதில் என்ன இருந்தது, உள்ளே சுத்தம் செய்தார்களா என்று மருத்துவச் சிலிண்டருக்குத்தான் பதிவு வைக்கிறார்கள்.

இரும்படி
பல ஆண்டுகளாக அதைத்தான் சுவாசிக்கிறேன். உயிரோடுதான் தட்டச்சு செய்கிறேன்.

மூத்தகுடி
அது சான்று ஆகாது.

இரும்படி
உங்கள் 2011 விதி மட்டும் ஆகுமா?

மழைக்கோட்டு
சண்டை ஒருபுறம் இருக்கட்டும். எந்தச் சிலிண்டராக இருந்தாலும் பக்கத்தில் யாரும் புகை பிடிக்கக் கூடாது, வால்வில் எண்ணெய்ப் பிசுக்குப் படக் கூடாது. கொத்துத் தலைவலிக்காரர்களில் புகைப்பவர்கள் நிறைய, அதனால் சொல்கிறேன்.

ஏரிக்கரை
மாடிவீடு அவர்களே, இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவரோடு தொலைபேசியில் நேராகப் பேச நேரம் கேட்கட்டும். எழுத்தில் நகராதது பேச்சில் நகர்வதுண்டு. இரண்டு, அந்தக் காப்பீட்டுக்குப் பணம் போடுவது நிறுவனமே என்றால் மனிதவளத் துறையிடமும் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் அங்கே வெறும் நிர்வாகிதான். உள் மேல்முறையீட்டுக்கு மறுப்பு கிடைத்ததிலிருந்து 180 நாள் உண்டு. அதிலும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு (காப்பீட்டு நிறுவனத்தைச் சேராதவர்கள் மறுப்பைப் பரிசீலிப்பது) கேட்கலாம், அவசரம் என்று மருத்துவர் எழுதினால் 72 மணி நேரத்தில் முடிவு வர வேண்டும்.

வெயில்காலம்
வைட்டமின் டி பார்த்தீர்களா?

மாடிவீடு
சீட்டை மாற்றி எழுதி வாங்கிவிட்டோம். மருத்துவர் பேசினார். மூன்று மாதத்துக்கு அனுமதி, பிறகு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமாம். சிலிண்டர் நாளை வருகிறது. நன்றி, ஏரிக்கரை.

கணக்கர்
ரெகுலேட்டர் எத்தனை லிட்டர் என்று கேட்டீர்களா?

புதுவரவு22
எனக்கும் அதே 88 விழுக்காட்டுக் கடிதம்தான் வந்திருக்கிறது. உங்கள் மருத்துவர் எழுதிய கடிதத்தைப் பெயரை மறைத்துவிட்டு இங்கே போட முடியுமா?

கணக்கர்
மாடிவீடு?